கண்மாய்த் தண்ணீரில் ஒரு பேட்ஜ்

இந்தக் கதையை இதுவரை எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. சடங்கு, காதுகுத்து, வளைகாப்பு, பால்காய்ப்பு என்று எங்கே போனாலும் பந்தியில் உட்கார்ந்ததும் யாராவது ஒருவர் ஆரம்பிப்பார். “ஏ புள்ள, அந்தப் படகுல போன கதையச் சொல்லு.” நானும் சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில் சொல்லி முடிப்பேன். அவர்கள் சிரித்து ஓய்வதற்குள் பாயசம் எங்கள் வரிசையைத் தாண்டிப் போயிருக்கும். அலுத்துவிட்டது. எழுதி வைத்துவிட்டால் இனிமேல் கேட்பவர்களிடம் தாளை நீட்டிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடலாம் என்றுதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் ஒரு உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் சாரணியர் படையில் நான் சேர்ந்ததற்கும் நாட்டுத் தொண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. சனிக்கிழமை காலையில் கணக்கு ஸ்பெஷல் கிளாஸ் இருந்தது. சாரணியருக்கு மட்டும் அதிலிருந்து விலக்கு இருந்தது. இந்த இரண்டையும் கூட்டிப் பார்க்கும் அளவுக்கு எனக்குக் கணக்கு வந்தது.

சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, அதுவும் ஒரு வேலை என்று. கூடாரம் அடிக்க வேண்டும், முடிச்சுப் போட வேண்டும், முதலுதவிக்கு ஒருத்தியைப் படுக்கவைத்துத் தலை முதல் கால் வரை துணி சுற்ற வேண்டும் (படுப்பது எப்போதும் நான்தான், அந்த வேலைக்கு நானாகவே முன்வருவேன்). எப்படியோ மூன்று வருடத்தில் ஏழு பேட்ஜ் வாங்கிவிட்டேன். எட்டாவதும் கிடைத்தால் மாநில விருது. விருதைச் சென்னைக்குப் போய் மேடையில் ஏறி வாங்க வேண்டும். கூடப் பெற்றோரில் ஒருவரும் வரலாம்.

அந்தக் கடைசி வரிதான் எல்லாவற்றையும் கெடுத்தது. அம்மா திருத்தங்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிக்குள் மருந்து செலுத்தும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். காலையில் கம்பெனி வேனில் ஏறினால் சாயந்திரம் தலைமுடியெல்லாம் அலுமினியத் தூள் மினுங்க இறங்குவாள். அதுவரை அவள் பார்த்த பெரிய ஊர் மதுரை. அதுவும் ஆஸ்பத்திரிக்குப் போனது. சென்னை என்று நான் சொன்ன மறுநாளே வேனில் இருந்த அத்தனை பேருக்கும் சொல்லிவிட்டாள். அந்தத் தீபாவளிக்குப் போனஸ் வந்ததும், மாம்பழ நிறத்தில் அரக்குக் கரை வைத்து ஒரு பட்டுச்சேலை எடுத்து, பிளாஸ்டிக் கவரைப் பிரிக்காமல் பீரோவில் வைத்தாள். “இது மெட்ராசுக்கு” என்றாள். அன்றிலிருந்து பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பக்கம் பார்க்காமலே துணியை எடுப்பேன்.

எட்டாவது பேட்ஜ் தண்ணீர் சம்பந்தப்பட்டதாக இருக்க வேண்டும் என்று விதி. நீச்சல், அல்லது துடுப்புப் படகு. நீச்சல் என்றால் நனைய வேண்டும், படகு என்றால் நனைய வேண்டாம் என்று யோசித்து நான் படகைத் தேர்ந்தெடுத்தேன். என் புத்திசாலித்தனத்தைப் பற்றி எனக்கு அப்போது உயர்ந்த அபிப்பிராயம் இருந்தது.

எங்கள் கைடு டீச்சர் பெயர் கிரேஸ். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். எங்களுக்கு வரலாறு எடுத்தார். படகைப் பற்றி அவருக்குத் தெரிந்தது எல்லாம் வரலாற்றில் இருந்தவைதான். ஆனாலும் கையேட்டை வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தார். படகு ஓட்டுகிறவருக்கு முதலில் நீச்சல் தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதியிருந்த பக்கத்தைக் கொஞ்சம் வேகமாகத் திருப்பினார்.

பயிற்சிக்குத் தண்ணீர் வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். சிவகாசியில் குடிப்பதற்கே லாரித் தண்ணீரை எதிர்பார்த்துக் குடத்தை வரிசையில் வைத்துக்கொண்டிருந்த காலம். அதனால் மைதானத்தில் ஒரு பெஞ்சைப் போட்டு, முன்னால் பேச்சியும் பின்னால் நானும் உட்கார்ந்து, ஒட்டடைக் கம்பை வைத்துப் புழுதியில் துடுப்புப் போட்டோம். பேச்சி என் வகுப்புத் தோழி. அவள் அம்மாவும் என் அம்மாவும் ஒரே வேன், கம்பெனியில் ஒரே அறை. “வலது, இடது, நிறுத்து, திருப்பு” என்று டீச்சர் வெயிலில் நின்று கத்த, நாங்கள் இரண்டு மாதம் அந்தப் பெஞ்சை ஓட்டினோம். ஒருநாள்கூட அது கவிழவில்லை. தரையில் எங்களை மிஞ்ச மாவட்டத்தில் ஆள் இல்லை என்று டீச்சரே சொன்னார் (மாவட்டத்தில் வேறு யாரும் அந்தப் பேட்ஜுக்குப் பேர் கொடுக்கவில்லை).

இந்த இடத்தில் எங்கள் வீட்டுப் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அம்மா வேலை பார்த்த அறையில் நாலு பேர், நாலு கதவு. ஒவ்வொருத்திக்கும் ஒரு கதவு. எங்கேயாவது சத்தம் கேட்டால் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு, அவளவள் கதவு வழியாக வெளியே ஓடிவிட வேண்டும். என்ன சத்தம் என்று யோசிக்கக் கூடாது, யாரையும் கூப்பிடக் கூடாது, எதையும் எடுக்கக் கூடாது. பல வருடத்துக்கு முன்னால் ஒருத்தி தூக்குவாளியை எடுக்கத் திரும்பினாளாம். அதற்கு மேல் அம்மா சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

கம்பெனியோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அம்மா இதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள். நானும் தம்பி பாண்டியும் நடக்கப் பழகியதிலிருந்து எங்களுக்கு இந்தப் பயிற்சிதான். ஞாயிற்றுக்கிழமையானால் நாங்கள் ஏதோ யோசனையில் இருக்கும் நேரம் பார்த்து அடுப்படியிலிருந்து தாம்பாளத்தைத் தூக்கிப் போடுவாள். நான் புறவாசல், பாண்டி முன்வாசல். அவரவர் வாசலில் போய் நின்ற பிறகுதான் மூச்சு விட வேண்டும். அச்சாபீஸில் பேப்பர் வெட்டும் வேலை பார்த்த அப்பா மட்டும் எழுந்திருக்காமல் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். “ஒங்கப்பா போய்ச் சேந்தாச்சு” என்று அம்மா தீர்ப்புச் சொல்வாள். தெருவில் யாரும் எங்களைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அவர்கள் வீட்டிலும் தாம்பாளம் இருந்தது.

அந்த வருடம், 2005-இல், தீபாவளியை ஒட்டிப் பிடித்த மழை விடவே இல்லை. வருடக்கணக்காகக் கருவேல மரம் மட்டுமே வளர்ந்துகொண்டிருந்த எங்கள் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தது. ஊரே கரையில் நின்று வேடிக்கை பார்த்தது. கிரேஸ் டீச்சர் உடனே வேலையில் இறங்கிவிட்டார். தூத்துக்குடிக்குக் காலண்டர் லோடு ஏற்றிப்போன மினி லாரி ஒன்று திரும்பி வரும்போது, ஆரஞ்சு நிறத்தில் ஒரு ஃபைபர் படகையும் இரண்டு துடுப்புகளையும் இரண்டு லைஃப் ஜாக்கெட்டையும் இறக்கிவிட்டுப் போனது. கண்மாய்க் கரையில் அதைப் பார்த்த ஒருவர், பணக்கார வீட்டில் குளிக்கிற தொட்டி என்று இதைத்தான் சொல்கிறார்களா என்று மிகுந்த ஆர்வத்தோடு என்னிடம் விசாரித்தார்.

தேர்வுக்கு முந்தின நாள் சாயந்திரம் நான் அடுப்படி வாசலில் உட்கார்ந்து கையேட்டை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். “படகு கவிழ்ந்தாலும் படகை விட்டு விலகாதே. படகைப் பற்றிக்கொண்டிரு. துடுப்பைக் கைவிடாதே. உன் துணைவரைப் பார்.” அம்மா உலை வைத்துக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

“கவுந்துபோனத எதுக்குப் புடிச்சுக்கிட்டு நிக்கணும்?”

“அப்படித்தாம்மா போட்டிருக்கு.”

“நான் விட்டுட்டு ஓடுங்கிறேன். ஒங்க டீச்சரு புடிச்சுக்கிட்டு இருங்காக. ரெண்டுல எதக் கேப்ப நீ?”

அது கம்பெனி, இது படகு, இரண்டும் வேறு வேறு என்று நான் விளக்கினேன். படித்த பிள்ளை படிக்காத தாய்க்கு விளக்குகிற தோரணையில்தான் விளக்கினேன். இப்போது நினைத்தால் என் காதை நானே பிடித்துத் திருகலாம் போலிருக்கிறது. அம்மாவுக்கு வாதாடத் தெம்பில்லை. கால்மாட்டில் இருந்த அரிவாள்மணையைத் தள்ளி வைத்துவிட்டு அங்கேயே சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

மறுநாள் மார்கழி ஞாயிற்றுக்கிழமை. கம்பெனிகளுக்கு விடுமுறை. அம்மாவும் பாண்டியும் தூக்குவாளியில் எலுமிச்சம் சாதத்தோடு கரையில் இடம் பிடித்துவிட்டார்கள். பேச்சியின் அம்மா வந்திருந்தாள். படகைப் பார்க்க எப்படியும் நூறு பேர் வந்திருப்பார்கள். தேர்வு செய்ய வந்தவர் தூத்துக்குடிக்காரர், கடலிலேயே வாழ்நாளைக் கழித்தவர் என்று டீச்சர் சொன்னார். வெள்ளைத் தொப்பி, கையில் அட்டை, அதிராத பேச்சு. கண்மாயை ஒரு பார்வை பார்த்தார். அதை அவர் தண்ணீர்க் கணக்கில் சேர்த்துக்கொண்டதாகத் தெரியவில்லை. இரண்டு மூன்று இடத்தில் கம்பை ஊன்றி ஆழம் பார்த்தார். பிறகு எங்களுக்கு நீச்சல் தெரியுமா என்று டீச்சரிடம் கேட்டார். ஜாக்கெட் போட்டிருக்கிறார்கள் என்றார் டீச்சர். அவர் பெருமூச்சு விட்டுவிட்டு இன்னொரு தடவை கம்பை ஊன்றிப் பார்த்தார்.

முதலில் வாய்மொழித் தேர்வு. படகு கவிழ்ந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார். நான் நெஞ்சை நிமிர்த்தி, கையேட்டில் இருந்ததை ஒரு கமா விடாமல் ஒப்பித்தேன். “ரொம்ப நல்லாச் சொல்றியேம்மா” என்று அட்டையில் எழுதினார். நான் கரையில் இருந்த அம்மாவைப் பார்த்தேன். அம்மா பேச்சியின் அம்மாவைப் பார்த்தாள்.

படகில் ஏறினோம். பெஞ்சு ஆடாது, படகு ஆடும் என்ற ஒரு விஷயத்தை எங்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. முதல் பத்து நிமிடம் இருந்த இடத்திலேயே வட்டம் போட்டோம். கரையில் இருந்தவர்கள் அதுதான் தேர்வு என்று நினைத்துக் கை தட்டினார்கள். பிறகு பேச்சி வலது, நான் இடது என்று ஒரு வழியாகக் கை சேர்ந்து வந்தது. படகு நேராகப் போக ஆரம்பித்தது. தண்ணீருக்கு நடுவில் சிவப்புக் கொடி கட்டிய ஒரு கம்பு நட்டிருந்தார்கள். அதைச் சுற்றித் திரும்பிவந்தால் தேர்வு முடிந்தது.

பாதி தூரம் போனதும் எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. சாரணியர் படையில் இருந்த மூன்று வருடத்தில் அப்படி ஒரு சந்தோஷம் வந்ததே இல்லை. மழை கழுவின வானம், குளிர்ந்த காற்று, நாங்கள் போட்ட துடுப்புக்குப் படகு கேட்கிறது. திரும்பிப் பார்த்தேன். தேர்வாளர் அட்டையில் டிக் போட்டுக்கொண்டிருந்தார். அம்மா எழுந்து நின்று, வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாம்பழ நிறச் சேலை கவரிலிருந்து வெளியே வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்து, கரைக்கு அந்தப் பக்கம் ரோட்டில் போன மண் லாரி ஒன்றுக்கு டயர் வெடித்தது.

டொம் என்று ஒரே சத்தம்.

நான் துடுப்பைப் போட்டுவிட்டு இடது பக்கம் குதித்தேன். பேச்சி துடுப்பைப் போட்டுவிட்டு வலது பக்கம் குதித்தாள். யோசிக்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை, எதையும் எடுக்கவில்லை. அம்மா பார்த்தால் தாம்பாளப் பயிற்சியில் முதல் மார்க் போட்டிருப்பாள். இருவரும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு பக்கம் குதித்ததால் படகு ஆடக்கூட இல்லை. அது பாட்டுக்கு நேராகப் போய், கொடிக்கம்பைச் சுற்றிக்கொண்டு, திரும்பிக் கரைக்கே வந்துவிட்டது (இது பாண்டி சொல்வது. நான் பார்க்கவில்லை, என் தலை தண்ணீருக்குள் இருந்தது). அன்றைக்குப் பாஸ் ஆனது படகு மட்டும்தான் என்று அவன் இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

லைஃப் ஜாக்கெட் காது வரைக்கும் ஏறிவிட்டது. கண்ணில் வாயில் எல்லாம் செம்மண் தண்ணீர். செத்தேன் என்று முடிவுசெய்து கையைக் காலை அடித்துக்கொண்டிருந்தேன். பேச்சி அவள் குலசாமிகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அப்போது தேர்வாளரின் குரல் நிதானமாக வந்தது.

“எந்திரிச்சு நில்லுங்கம்மா.”

நின்றோம். தண்ணீர் இடுப்பு வரைக்கும்தான் இருந்தது. காலில் கருவேல முள் ஏறியிருந்தது. கரையைப் பார்த்தேன். நூறு பேரில் ஒருத்தர்கூட எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. எல்லோரும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்தார்கள். எந்தப் பக்கம் புகை எழும்புகிறது என்று தேடிக்கொண்டிருந்தார்கள். அம்மாவும்தான். அவள் காலடியில் தூக்குவாளி கவிழ்ந்து எலுமிச்சம் சாதம் மண்ணில் கிடந்தது. எங்களைப் பார்த்து நின்றது தேர்வாளரும் கிரேஸ் டீச்சரும் மட்டும்தான். இரண்டு பேரும் வெளியூர்.

டயர்தான் என்று ரோட்டிலிருந்து யாரோ கத்திச் சொன்ன பிறகுதான் ஜனங்கள் திரும்பினார்கள். திரும்பியவர்கள் இடுப்பளவு தண்ணீரில் ஜாக்கெட்டைக் காதில் மாட்டிக்கொண்டு நிற்கும் எங்களைப் பார்த்தார்கள். அதுவரை பிடித்துவைத்திருந்த மூச்சையெல்லாம் சேர்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்க ரொம்ப நேரமானது.

கரையேறியதும் தேர்வாளர் கேட்டார். “எதுக்கும்மா குதிச்சே?”

“சத்தம் கேட்டுச்சு சார்.”

“கேட்டா?”

“வெளிய ஓடணும் சார்.”

அவருக்குப் புரியவில்லை. டீச்சர் அவரைத் தனியாக அழைத்துப் போய், இவர்கள் எல்லாம் பட்டாசுக் கம்பெனி வீட்டுப் பிள்ளைகள் என்று ஏதோ சொன்னார். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு என்னிடம் வந்து, “ஒங்க பழக்கத்தத் தப்புன்னு சொல்லமாட்டேன். ஆனா படகுல கதவு கெடையாதும்மா” என்றார். அட்டையில் எழுதினார். துடுப்புப் போடுதல் நன்று. வாய்மொழித் தேர்வு மிக நன்று. ஆபத்தில் படகைக் கைவிட்டார். தகுதி பெறவில்லை. அவர் மேல் எனக்கு இன்றுவரை கோபம் இல்லை. எழுதியதில் ஒரு வார்த்தை பொய்யில்லை.

பங்குனியில் வந்து மறுதேர்வு வைக்கிறேன் என்றார். சொன்னபடி வரவும் தயாராக இருந்தார், கண்மாய்தான் தயாராக இல்லை. மாசியிலேயே தண்ணீர் வற்றி, பங்குனியில் அங்கே பாண்டி கிரிக்கெட் ஆடினான். அடுத்த வருடம் நான் பன்னிரண்டாம் வகுப்பு. சாரணியர் படை அதோடு முடிந்தது.

அன்று பஸ்ஸில் திரும்பினோம். ஈர யூனிபாரத்தில் உட்கார முடியாமல் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பீரோவும் பிளாஸ்டிக் கவரும் நினைவுக்கு வந்ததும் அழுகை வந்தது. அழுகையோடு கோபமும் வந்தது. “எல்லாம் ஒன்னாலதாம்மா. ஓடு ஓடுன்னு சொல்லிச் சொல்லி வளத்த. போச்சா இப்ப?” என்று நாலு பேருக்குக் கேட்கும்படி சொன்னேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன மோசமான வார்த்தைகளில் அதற்கு முதலிடம். அந்த வெட்கத்தோடு ஒப்பிட்டால் கண்மாயில் பட்ட வெட்கம் ஒன்றுமே இல்லை.

அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். “போனாப் போகுது. மெட்ராசு அங்கனயேதான இருக்கப் போகுது” என்றாள். கொஞ்சம் கழித்து, “கையில இருந்ததப் போட்டுட்டு வெளிய வந்துட்டல்ல” என்று தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி, “ஞாயித்துக்கெழம கம்பெனி லீவுன்னு கூடவா ஒனக்குத் தெரியல?” என்றாள். அவளும்தான் புகையைத் தேடினாள் என்று நான் சொல்லவில்லை. வீடு வரும்வரை என் ஈர முதுகில் அவள் கை இருந்தது.

திங்கள்கிழமை கம்பெனி வேனில் இந்தக் கதையை முதன்முதலில் சொன்னவள் அம்மாதான். யாரோ சொல்லி வெளியே வருவதற்கு முன்னால் தானே சொல்லிவிட்டால் வலிக்காது என்று நினைத்திருக்கலாம். வேன் ஒரு வாரம் சிரித்தது. அங்கிருந்து தெருவுக்கு வந்து, தெருவிலிருந்து சொந்தக்காரர்களுக்குப் போய், கடைசியில் என் பேரே மறைந்து “படகுல குதிச்ச புள்ள” என்றாகிவிட்டது. குக்கர் விசில் அடித்தால், கதவு காற்றில் அறைந்தால், பக்கத்து வீட்டில் பலூன் உடைந்தால், பாண்டி எட்டிப் பார்த்து “ஏ, குதிச்சிராத” என்பான்.

எட்டு வருடம் கழித்து எனக்குக் கல்யாணம். திருத்தங்கல்லில்தான் மண்டபம். அம்மா கவரைப் பிரித்து மாம்பழ நிறச் சேலையைக் கட்டியிருந்தாள். மடிப்பு விழுந்த இடத்தில் ஜரிகை லேசாக இற்றிருந்தது. அட்சதைத் தட்டை வைத்துக்கொண்டு எனக்குப் பின்னாலேயே நின்றாள். கெட்டிமேளம் கொட்டியது. மாப்பிள்ளை தாலியை என் கழுத்தில் வைத்து முதல் முடிச்சுப் போடும்போது, அவருடைய நண்பர் ஒருவர் (மதுரைக்காரர், பாவம்) கலர்ப் பேப்பர் கொட்டுகிற குழாயைத் திருகிவிட்டார். காதுக்குப் பக்கத்தில் டொம் என்றது.

கலர்ப் பேப்பர் எல்லார் தலையிலும் விழுந்துகொண்டிருக்க, பின்னால் தட்டு உருண்டு ஓடுகிற சத்தம் கேட்டது. மூன்று முடிச்சும் விழுந்த பிறகு திரும்பிப் பார்த்தால் அம்மாவைக் காணோம். பாண்டி போய்த் தேடினான். மண்டபத்துக்கு வெளியே, செருப்புக் குவியலுக்கு அந்தப் பக்கம் வெயிலில் வெறுங்காலோடு நின்றிருக்கிறாள். வாசலையே பார்த்துக்கொண்டு, “என்ன, ஒருத்தரும் வெளிய வரல?” என்று கேட்டாளாம். பெற்ற மகளின் தாலிகட்டை அம்மா பார்க்கவில்லை.

இப்போது பந்திகளில் இரண்டு கதையையும் சேர்த்துத்தான் கேட்கிறார்கள். பாயசம் கிடைப்பது இன்னும் கஷ்டமாகிவிட்டது. அம்மா போன வருடம்தான் வேலையிலிருந்து நின்றாள். எங்கள் வீட்டுக்கு வந்தால் கல்யாண ஆல்பத்தை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். அந்தத் தாலிகட்டுப் படம் வந்ததும் வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். அம்மா மட்டும் சிரிப்பதில்லை. “சத்தம் கேட்டுச்சுல்ல, நீ ஏன் வெளிய வரல?” என்று ஒவ்வொரு தடவையும் என்னைக் கேட்பாள். விளையாட்டுக்குக் கேட்பதில்லை.

நானும் ஒவ்வொரு தடவையும் படத்தில் ஒரு இடத்தை விரலால் காட்டுவேன். கலர்ப் பேப்பர் கொட்டுகிறது, எல்லோரும் அண்ணாந்து சிரிக்கிறார்கள், அவர் குனிந்து முடிச்சுப் போடுகிறார். என் இடது கால் மட்டும் மணையை விட்டு இறங்கித் தரையில் ஊன்றியிருக்கிறது.

“வந்துக்கிட்டுதாம்மா இருந்தேன். அவுக கயித்தப் புடிச்சிருந்தாக.”

அம்மா அந்தக் காலைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நன்றாகப் பார்ப்பாள். பார்த்துவிட்டு, சரி என்று அடுத்த பக்கத்தைப் புரட்டுவாள்.